ஜாம்ஷெட்பூர் ஆளில்லாக் காட்டில் முளைத்த ஊர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஜார்க்கண்டில் இருக்கும் ஜாம்ஷெட்பூரைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். சந்தோஷம். தமிழ்ப் பத்திரிகையில் அந்த ஊர்ப்பெயர் வந்தால் நடிகர் மாதவன் பிறந்த ஊர் என்று வரும், இல்லாவிட்டால் பங்குச் சந்தைப் பக்கத்தில் வரும், அதைத் தாண்டி யாரும் எழுதுவதில்லை. ஆனால் கட்டுரையில் இரண்டு இடங்கள் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கின்றன. ஒன்று, "ஆள் நடமாட்டமே இல்லாத அடர்ந்த காட்டில் ஒரு மனிதரின் கனவாக எழுந்த நகரம்" என்ற வரி. இன்னொன்று, "இன்று ஆறு லட்சம் பேர் வாழும் நகரம்" என்பது. இரண்டையும் அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. நான் அந்த ஊரில் கத்மா என்ற பேட்டையில் வளர்ந்தவன், அப்பா டாட்டா இரும்பாலையில் வேலை பார்த்தார், நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆதித்யபூரில் லாரி பாகங்கள் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் இருந்துவிட்டு இப்போது திருச்சியில் ஓய்வாக இருக்கிறேன். கடிதம் நீளமாகிவிட்டது. இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், எண்களை மட்டும் வெட்டாதீர்கள்.

முதலில் காடு விஷயம். சுவர்ணரேகாவும் கர்க்காயும் சேரும் இடத்தில் சாக்சி என்று ஒரு கிராமம் இருந்தது. அதைச் சுற்றி பேல்டி, ஜுக்சலாய், சுஸ்னிகடியா, நூதன்டி என்று இன்னும் கிராமங்கள். சந்தால், ஹோ, பூமிஜ் மக்களும், மஹதோ குடியானவர்களும், மாடு மேய்க்கிற, இரும்பு அடிக்கிற சாதியாரும் இருந்த ஊர்கள். நெல் விளைந்தது, மஹுவா மரம் இருந்தது, தெய்வத்துக்கு என்று விட்டுவைத்த சால் மரத்தோப்பு இருந்தது. எல்லாம் தால்பூம் ஜமீனின் கீழே. 1909-ல் டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனிக்காக முதலில் எடுத்த நிலம் ஏறக்குறைய 3,500 ஏக்கர், முதல் உலகப்போர் முடிகிற நேரத்தில் விரிவாக்கத்துக்கென்று அதைவிடப் பெரிய பரப்பு, கடைசியில் மொத்தம் 15,000 ஏக்கருக்கும் மேல். ஆளே இல்லாத காடென்றால் எதற்கு அரசாங்கம் கையகப்படுத்தும் சட்டத்தைப் போட்டு கிராமம் கிராமமாக எடுக்க வேண்டும்? காட்டிடமிருந்தா நிலத்தை வாங்கினார்கள்? அந்தக் கிராமங்களின் பெயர்கள் இன்றைக்கும் பேட்டைப் பெயர்களாக இருக்கின்றன, ஆட்டோக்காரர்கள் நாள் முழுக்கக் கூவுகிறார்கள், அங்கே இருந்த குடும்பங்கள் எங்கே போயின என்றுதான் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கம்பெனிக்குக் கனவு கண்ட ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் பெருமையைக் குறைக்கவில்லை. இரும்பாலை வேண்டும் என்று அவர் அலைந்தது உண்மை. ஆனால் அவர் 1904-லேயே ஜெர்மனியில் காலமாகிவிட்டார், சாக்சி இடத்தைத் தேர்ந்தெடுத்தது அதற்குப் பிறகு. 1904 பிப்ரவரியில், அவர் உயிரோடிருந்தபோதே, பிரமத நாத் போஸ் என்ற வங்காளி நிலவியலாளர் மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் கோருமஹிசானி மலையில் நல்ல இரும்புத்தாது இருக்கிறதென்று கடிதம் எழுதினார், அந்தக் கடிதம் வராவிட்டால் இந்த ஊர் இல்லை. பிறகு அமெரிக்க நிபுணர்கள் பெரினும் வெல்டும் வந்து பார்த்தார்கள். சீனி என்ற இடத்தை முதலில் யோசித்தார்கள், அங்கே தண்ணீர் போதாது. தாது தெற்கே மயூர்பஞ்சிலிருந்து வரும், நிலக்கரி வடக்கே ஜரியாவிலிருந்து வரும், கல்கத்தாவுக்குப் போகிற பெங்கால் நாக்பூர் ரயில் பாதை காளிமாட்டி ஸ்டேஷன் வழியாக ஏற்கெனவே போகிறது, பக்கத்திலேயே இரண்டு ஆறு. உலையைக் குளிரவைக்கத் தண்ணீர் கொட்ட வேண்டும், அதனால்தான் சாக்சி. 1908-ல் வேலை ஆரம்பித்து, 1911 டிசம்பரில் முதல் வார்ப்பிரும்பு, 1912 பிப்ரவரியில் முதல் எஃகு. போரில் மெசபடோமியாவுக்கும் எகிப்துக்கும் தண்டவாளம் போனதற்கு நன்றியாக 1919-ல் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்ட் வந்து சாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். காளிமாட்டி டாட்டாநகர் ஆயிற்று. இதெல்லாம் உங்கள் கட்டுரையிலும் இருக்கிறது, வேகமாகத் தாண்டுகிறேன்.

கட்டுரையில் இல்லாதது, கட்டியது யார் என்பது.

1911 மக்கள்தொகைக் கணக்கில் சாக்சியில் 5,672 பேர். 1921-ல் 57,360. பத்து வருஷத்தில் பத்து மடங்கு! பிள்ளை பெற்று இப்படிப் பெருக முடியாது, எல்லாம் ரயிலில் வந்த கூட்டம். மண் சுமந்ததும் கல் உடைத்ததும் சுற்றுக் கிராமத்து ஆதிவாசிகளும், சத்தீஸ்கர் பக்கமிருந்து வந்தவர்களும். சத்தீஸ்கர்க்காரர்களை ஊரில் பிலாஸ்புரி என்பார்கள். இதில் பாதிப்பேர் பெண்களோ என்று தோன்றும் அளவுக்குப் பெண்கள் வேலை செய்தார்கள், ரேஜா என்று அவர்களுக்குப் பெயர், தலையில் கூடையோடு உலைக்குப் பக்கத்திலேயே நின்றவர்கள். இயந்திரம் வரவர அவர்கள் இடம் சுருங்கிப்போனது. மேலே அமெரிக்கர்களும் ஆங்கிலேயர்களும். எஃகு உலையை ஓட்டியவர்கள் ஜெர்மானியர்கள், 1914-ல் போர் வந்ததும் அவர்கள் நாற்காலி காலி. கணக்கெழுத வங்காளிகள், அப்புறம் நம் ஆட்கள். பட்டறை வேலைக்குப் பஞ்சாபிகள், சீக்கியர்கள். ஆந்திரக் கடற்கரையிலிருந்து தெலுங்கர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், பெங்கால் நாக்பூர் ரயில்வே அவர்களுக்குப் பழகிய பாதை. ஒடியாக்காரர்களுக்கு வீடே அடுத்த சமஸ்தானம். போஜ்புரியும் மைதிலியும் பேசுகிற பீகாரிகள், உருது பேசும் முஸ்லிம்கள், மேலதிகாரி வீடுகளில் பார்சிகள், ஜுக்சலாயில் கடை போட்ட மார்வாரிகள், எல்லோரையும் சொல்லி முடிக்க முடியாது.

1931-ல் 83,738. இந்தப் பத்து வருஷம் கொஞ்சம் மெதுவாக ஏறியதற்குக் காரணம் உண்டு. 1920, 1922, 1928 என்று மூன்று பெரிய வேலைநிறுத்தம், கூடவே உலகம் முழுக்க மந்தம். 1920-ல் போலீஸ் துப்பாக்கிச் சூடுகூட நடந்தது. 1925-ல் காந்தி வந்தார். அப்போது தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர் சி. எஃப். ஆண்ட்ரூஸ். 1928-ல் சுபாஷ் சந்திர போஸ் தலைவர். தமிழ்நாட்டில் நேதாஜியை ராணுவ உடுப்போடு மட்டும் தெரியும், அவர் ஜாம்ஷெட்பூரில் கூலிச் சண்டைக்குப் பேச்சுவார்த்தை நடத்தினார் என்றால் முகத்தைப் பார்க்கிறார்கள். எட்டு மணி நேர வேலையும் வருங்கால வைப்பு நிதியும் சட்டம் வருவதற்கு முன்பே அங்கே வந்தது என்று உங்கள் கட்டுரை பாராட்டியிருக்கிறது. எட்டு மணி நேரம் 1912, வைப்பு நிதி 1920. உண்மைதான், பாராட்டலாம். அதே 1920-ல் தொழிலாளர் தெருவில் நின்றார்கள் என்பதையும் பக்கத்திலேயே ஒரு வரி போட்டிருக்கலாம். அப்துல் பாரி என்ற பெரிய தொழிற்சங்கத் தலைவர் 1947 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார், அவர் பெயரில் கல்லூரியும் மைதானமும் இருக்கின்றன, கட்டுரையில் அவர் பெயரே காணோம்.

1941-ல் 1,48,711. இரண்டாம் உலகப்போர். 1951-ல் 2,18,162. பிரிவினையில் வீடிழந்த பஞ்சாபிகளும் வங்காளிகளும் வந்தார்கள், 1945-ல் ஆரம்பித்த டெல்கோவில், அதாவது இன்றைய டாட்டா மோட்டார்ஸில், ரயில் இன்ஜின் செய்தார்கள், 1954 முதல் ஜெர்மன் கூட்டில் லாரி. அதற்கும் முன்னாலேயே 1920-களில் கோல்முரியில் தகரத்தகடு ஆலை, கம்பி ஆலை, கேபிள் ஆலை. இரும்பாலை ஒன்றைச் சுற்றி குட்டி ஆலைகள் வந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குடியிருப்பு, அதற்கு ஒரு பள்ளிக்கூடம், ஒரு கோயில், ஒரு காளி பூஜை மைதானம். ஊரைத் திட்டமிட அடுத்தடுத்து நான்கு பேர் வந்தார்கள். கடைசியாக 1940-களில் வந்தவர் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர், ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி வந்து மைசூர் சமஸ்தானத்தில் கட்டடக் கலைஞராக இருந்த யூதர். ஒவ்வொரு திட்டமும் தாளில் முடிவதற்குள் ஊர் அதைத் தாண்டிப் போயிருந்தது. திட்டத்துக்கு வெளியே வந்து குந்தியவர்கள்தான் எப்போதும் அதிகம்.

நம்மவர்கள் எண்ணிக்கையில் குறைவு. தெலுங்கர்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் எழுத்து வேலையிலும் பிறகு பொறியாளர்களாகவும் நல்ல இடத்தில் இருந்ததால் சத்தம் கொஞ்சம் பெரிதாகவே கேட்கும். தென்னிந்தியப் பெண்கள் சேர்ந்து நடத்திய தட்சிண பாரத் மகிளா சமாஜ்தான் கத்மாவில் இன்றைக்கும் பேர் சொல்லும் டி.பி.எம்.எஸ். பள்ளிக்கூடம். தேசிய உலோகவியல் ஆய்வகத்துக்கு 1946 நவம்பரில் அடிக்கல் நாட்டியவர் ராஜாஜி, நான்கு வருஷம் கழித்து அதைத் திறந்துவைத்தவர் நேரு. தமிழ் வாசகர்களுக்கென்று எழுதுகிற கட்டுரையில் இதை விட்டுவிட்டு நடிகர், நடிகை பட்டியல் போட்டது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

எங்கள் வரிசை வீடுகளைச் சொல்கிறேன். இடது பக்கம் ஸ்ரீகாகுளத்துக்காரர், வலது பக்கம் பிலாஸ்புரிக் குடும்பம், எதிர் வரிசையில் ஒரு சர்தார்ஜி, மூலையில் மேதினிபூர் வங்காளி. பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் எல்லாப் பெண்களும் பேசிக்கொள்வது ஹிந்தி, ஆனால் அந்த ஹிந்தியை லக்னோக்காரன் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வான். ஆண்பால் பெண்பால் எதுவும் பார்ப்பதில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே வினைமுற்று. என் அம்மாவுக்கு அது வசதியாகப் போயிற்று. ஆலைச் சங்கு ஊதினால் ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆலை வாசலில் நின்று பார்த்தால் சைக்கிள் வெள்ளம், ஹேண்டில்பாரில் டிபன் கேரியர் ஆடும், எல்லார் சட்டையும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டிருக்கும். ராத்திரியில் ஸ்லாக் என்கிற உருகிய கசடைக் கொட்டும்போது வானம் ஆரஞ்சாகி அடங்கும், கரண்டு போன நாளில் அந்த வெளிச்சத்தில் எங்கள் வாசலில் இருப்பவர் யாரென்று அடையாளம் தெரியும்.

பொங்கல் அன்றைக்கு எங்கள் வீட்டில் பால் பொங்குகிற அதே நாள் ஊர் முழுக்கத் துசு, மகர சங்கராந்திக்கு அந்தப் பக்கத்து மக்கள் கொண்டாடும் திருவிழா. வண்ணக் காகிதத்தில் கோபுரம் மாதிரி ஜோடித்த சௌடலைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பாட்டுப் பாடியபடி ஆற்றுக்குப் போவார்கள். இரண்டு ஆறும் சேரும் தோமுஹானியில் மேளா. சேவல் சண்டை ஒரு பக்கம், வெல்லப் பிட்டா விற்கிறவர்கள் ஒரு பக்கம். பிட்டா கிட்டத்தட்ட நம் அதிரசம்தான். அங்கே போனால்தான் இந்த ஊர் முதலில் யாருடையது என்பது கண்ணுக்குத் தெரியும். மற்ற நாட்களில் தெரியாது. இப்போது கம்பெனியே நவம்பரில் ஆதிவாசிகளுக்கென்று பெரிய விழா நடத்துகிறது, 2014 முதல் நடக்கிறது, நாடு முழுவதிலிருந்தும் வருகிறார்கள், நல்லதுதான். வருஷத்துக்கு ஒரு வாரம்.

எல்லாம் ஒற்றுமையாகத்தான் இருந்தது என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். உங்கள் கட்டுரையும் "பல மொழி பேசுவோர் ஒரு தாய் மக்களாக" என்று முடிகிறது. 1979 ஏப்ரலில் ராமநவமி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்ற தகராறு ஆற்றுக்கு அப்பால் மான்கோ பக்கம் ஆரம்பித்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலோர் முஸ்லிம்கள். அமைதி வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்த உருது எழுத்தாளர் ஜகி அன்வரும் அதில் கொல்லப்பட்டார். கரீம் சிட்டி கல்லூரியில் பாடம் சொன்னவர். ஜிதேந்திர நாராயண் கமிஷன் அறிக்கை இருக்கிறது, கட்டுரையாளர் தேடிப் படிக்கட்டும். அதற்கு அப்புறம் கலந்து இருந்த தெருக்கள் பிரிந்தன. ஆலைக் குடியிருப்பில் வீடு ஒதுக்குவது வேலையைப் பார்த்து, அதனால் யார் பக்கத்தில் யார் என்பது உங்கள் கையில் இல்லை. வெளியே சொந்தமாக மனை வாங்கும்போதுதான் தன் ஆட்கள் பக்கத்தில் என்று பார்க்கிறார்கள், அந்தப் பயத்துக்கும் காரணம் இருந்தது. மான்கோவில் ஆசாத்நகர் இவ்வளவு பெருத்தது அப்படித்தான்.

சரி, இப்போது ஆறு லட்சம்.

2011 கணக்கில் ஜாம்ஷெட்பூர் என்று பெயர் போட்ட பகுதியில் 6 லட்சத்துச் சொச்சம் என்பது சரி. ஆனால் அது கம்பெனி நிலமும் அதை ஒட்டி, நகராட்சி இல்லாமல் குழு ஒன்றின் கீழ் இருக்கும் 'அறிவிக்கப்பட்ட பகுதி'யும் மட்டும். பாலத்தைத் தாண்டினால் மான்கோ, அங்கே மட்டும் 2 லட்சத்து 23 ஆயிரம் பேர். கர்க்காயைத் தாண்டினால் ஆதித்யபூர், 1 லட்சத்து 74 ஆயிரம், அது வேறு மாவட்டம், சராய்கேலா கர்சாவானில் சேரும். ஜுக்சலாய் தனி நகராட்சி. ஸ்டேஷனுக்குப் பின்னால் பாக்பேடா, பர்சுடி, கீதாடி, ஹலுத்பனி, டெல்கோ பக்கம் சோட்டா கோவிந்த்பூர், இவையெல்லாம் கணக்கெடுப்புக்கு நகரம், நிர்வாகத்துக்குப் பஞ்சாயத்து. மொத்தம் சேர்த்தால் 2011-லேயே 13 லட்சத்து 39 ஆயிரம். நீங்கள் பாதிக்கும் மேலான ஜனத்தை விட்டுவிட்டீர்கள்.

இது வெறும் எண் சண்டை இல்லை. உள்ளே குழாயைத் திறந்தால் அப்படியே குடிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், உண்மை, நானே குடித்து வளர்ந்தேன். பாக்பேடாவில் கோடைகாலத்தில் டேங்கர் லாரி வந்தால் குடங்களோடு ஓடுவதும் அதே ஊர்தான். உள்ளே ரோடு பெருக்குகிறவர், வீட்டு வேலை செய்கிறவர், ஒப்பந்தத் தொழிலாளி, கோலிச் சோடா விற்கிறவர் முக்கால்வாசிப் பேர் படுக்கப் போவது வெளியே. 1990-களின் தொடக்கத்தில் கம்பெனியில், சுரங்கங்களையும் சேர்த்து, 75,000 பேருக்கு மேல் வேலையில் இருந்தார்கள். அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் அது ஏறக்குறைய பாதியாயிற்று, உற்பத்தியோ குறையவே இல்லை, ஏறியது. அதே காலத்தில் ஊர் ஜனத்தொகை 8 லட்சத்து 29 ஆயிரத்திலிருந்து 11 லட்சத்தைத் தாண்டி 13 லட்சத்துக்குப் போனது. அப்பாவுக்கு இருந்த நிரந்தர வேலை பிள்ளைக்கு இல்லை, ஆனால் பிள்ளை ஊரை விட்டுப் போகவும் இல்லை, மான்கோவிலோ ஆதித்யபூரிலோ ஒரு மனை பிடித்து ஒப்பந்தத்தில் ஏதோ செய்கிறான். ஆதித்யபூர்ப் பட்டறைகள் லாரி விற்பனை ஏறினால் மூன்று ஷிப்ட், இறங்கினால் கதவை மூடிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் அதில் இருந்தவன், எனக்குத் தெரியும்.

அப்புறம் ஓட்டு. உள்ளே வசிப்பவர்கள் எம்.பி.க்கு ஓட்டுப் போடலாம், எம்.எல்.ஏ.க்குப் போடலாம், மேயர், கவுன்சிலர் கிடையாது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் புழங்குகிற ஊரின் நடுப்பகுதிக்குத் தேர்ந்தெடுத்த நகராட்சி இல்லை, 1924-லிருந்து அறிவிக்கப்பட்ட பகுதிக் குழு என்று ஒன்று இருக்கிறது, குடிநீர், சாக்கடை, விளக்கு எல்லாம் கம்பெனியின் துணை நிறுவனம். மாநகராட்சி வேண்டுமா, தொழில் நகரியம் வேண்டுமா என்று வழக்குக்கு மேல் வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மூன்றாவது ஓட்டு கேட்டவர்களை ஊரிலேயே பலர் திட்டினார்கள், ஏனென்றால் பக்கத்து நகராட்சிகளின் சாக்கடையைப் பார்த்தவர்களுக்கு ஓட்டைவிடக் குழாய்த் தண்ணீர் பெரிதாகத் தெரிகிறது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும் என்பேன், ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற சமாச்சாரமா இது?

நிலம் கம்பெனிக்குச் சொந்தமே இல்லை என்பதும் கட்டுரையில் இல்லை. ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு அது அரசாங்க நிலம், கம்பெனிக்குக் குத்தகை. 2005-ல் குத்தகையைப் புதுப்பித்தபோது 1996 ஜனவரியிலிருந்து கணக்கு வைத்து 30 வருஷம் கொடுத்தார்கள், அதாவது 2025 டிசம்பர் முடிய. பழைய குத்தகை நிலத்துக்குள் வீடு கட்டிக்கொண்டு தலைமுறையாக இருக்கும் 86 பஸ்திகளுக்கு, அதாவது பட்டா இல்லாத குடியிருப்புகளுக்கு, பட்டா கொடுப்போம் என்று சொல்லாத கட்சி கிடையாது. தேர்தல் வந்தால் 86 பஸ்தி, முடிந்தால் மறுபடியும் 86 பஸ்தி.

இதில் நம் ஆட்கள் எங்கே நிற்கிறோம் என்பதும் சுலபமான கேள்வி இல்லை. ஜார்க்கண்ட் 2000 நவம்பரில் தனி மாநிலம் ஆன நாளிலிருந்து யார் உள்ளூர்க்காரன் என்ற பிரச்சினை ஓய்ந்ததே இல்லை. 1932 நிலப் பதிவேட்டில் முன்னோர் பெயர் இருக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. 1985-க்கு முன்னால் வந்திருந்தால் போதும் என்று 2016-ல் ஓர் அரசு சொன்னது. சொன்ன முதல்வர் ரகுபர் தாஸ், ஜாம்ஷெட்பூர் கிழக்குத் தொகுதிக்காரர், அவர் குடும்பமே சத்தீஸ்கரிலிருந்து ஆலை வேலைக்கு வந்தது, ஜார்க்கண்டுக்கு ஆதிவாசி அல்லாத முதல் முதல்வர். 1932 என்று வைத்தால் ஜாம்ஷெட்பூரில் எத்தனை வீடு தேறும்? எங்கள் வீடு தேறாது. ஆனால் 1909-ல் வயலைக் கொடுத்துவிட்டுப் போனவனின் பேரன் அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு என்ன பதில் இருக்கிறது? கிழக்கு சிங்பூம் மாவட்டத்தில் 2011-ல் பழங்குடியினர் நூற்றுக்கு 28 பேருக்கு மேல். மாவட்டத்தின் தலைநகரான இந்த ஊருக்குள் வந்தால் அந்தப் பங்கு வெகுவாக இறங்கிவிடும். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே செத்த பிலாஸ்புரிக்கும் தெலுங்குக்காரருக்கும் போக வேறு ஊர் இல்லை என்பதிலும் இருக்கிறது. ஒரு தரப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொன்று. கட்டுரை வந்த அதே இதழின் உள்பக்கத்தில் "வடமாநிலத்தவர் படையெடுப்பு" என்று திருப்பூரைப் பற்றி ஒரு செய்தி. ஜார்க்கண்ட் ஆட்கள் என்று அதில் ஒரு வரி வருகிறது. படையெடுப்பாம்! காட்பாடி ஸ்டேஷனில் டாட்டாநகர்ப் பக்கத்து ரயிலிலிருந்து எக்ஸ்ரே கவரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கும் குடும்பங்களை உங்கள் வேலூர் நிருபரைப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே எல்லோருக்கும் பெரிய வியாதி என்றால் வேலூர்தான். எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் காளிமாட்டியில் பெட்டியோடு இறங்கியபோது அங்கிருந்த பத்திரிகைகள் மதராஸிப் படையெடுப்பு என்று எழுதினவா என்று தெரியாது, எழுதியிருந்தால் எங்களுக்குப் பிடித்திருக்காது.

2021-ல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு தள்ளிப்போய் 2027-க்கு வந்திருக்கிறது. புது எண்கள் வந்ததும் நீங்கள் மறுபடியும் ஜாம்ஷெட்பூரைப் பற்றி எழுதுவீர்கள் என்று நம்புகிறேன். அப்போது தயவுசெய்து சுற்றுப் பகுதிகளையும் சேர்த்து ஊர் முழுமைக்குமான எண்ணைப் போடுங்கள், மான்கோ, ஆதித்யபூர், பாக்பேடா தனித்தனியாகப் போட்டால் இன்னும் நல்லது. நிருபரை அனுப்புவதாக இருந்தால் ஜனவரியில் அனுப்புங்கள், துசு மேளாவும் பார்த்தது போல் இருக்கும். படம் விஷயமும் சொல்லிவிடுகிறேன்: ஆலை என்று நீங்கள் போட்டிருக்கும் படம் ஆலை அல்ல, ஜூபிலி பார்க் நீரூற்று. 1958-ல் நேரு திறந்த பூங்கா, மைசூர் பிருந்தாவனத்தைப் பார்த்து அமைத்தது. ஆலைப் படம் வேண்டுமென்றால் அங்கிருக்கும் நண்பர்களிடம் கேட்டு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கத்மாவில் வளர்ந்த ஒரு வாசகர்,
திருச்சி